வாழைநாரில் கட்டிய பத்து

27-ஐயும் 18-ஐயும் கூட்டச் சொன்னால் 315 என்று எழுதி, சிலேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து பெருமையாக நீட்டுகிற பிள்ளைகளை மூன்று தலைமுறையாகப் பார்த்துவிட்டேன். பலகையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கூட்டாளி அப்படித்தான் எழுதினான். நான் வாத்தியாரான பிறகு என்னிடம் படித்தவர்களும் அப்படியே எழுதினார்கள். இப்போது என் பேத்தி, கட்டம் போட்ட நோட்டில், கட்டத்துக்கு ஓர் எண்ணாக அழகாக அதையே எழுதி வைத்திருக்கிறாள். ஏழும் எட்டும் பதினைந்து, இரண்டும் ஒன்றும் மூன்று. இதில் எந்தக் கூட்டல் தப்பு? பதினைந்துக்குள் ஒரு பத்து இருக்கிறது, அது எழுந்துபோய் மற்றப் பத்துகளோடு உட்கார வேண்டும் என்பது மட்டும் அந்தக் கைக்கு இன்னும் தெரியவில்லை. கைக்கு என்று தெரிந்தேதான் சொல்கிறேன். இந்த ஒரு விஷயம் கண்ணுக்கும் காதுக்கும் போவதற்கு முன்னால் கைக்குப் போக வேண்டும்.

அறுபதுகளின் நடுவில், தாமிரபரணிக் கரையில் ஓட்டுக்கூரை போட்ட ஒரு பள்ளிக்கூடத்தில் நாங்கள் இரண்டாம் வகுப்புக்குப் போனபோது, ஜூன் மாதம் முதல் வாரத்திலேயே சார்வாள் சொல்லிவிடுவார்: ஆளுக்கு நூறு ஈர்க்குச்சி, எல்லாம் ஒரு சாண் நீளம், கூடக்குறைய இருக்கக் கூடாது. அன்று சாயங்காலம் ஊரில் பல வீட்டுத் திண்ணைகளில் தென்னை ஓலை கிழிபடுகிற சத்தம் கேட்கும். ஆச்சிமார்கள் அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்து ஈர்க்கைச் சீவிச் சீவிப் போட, பிள்ளைகள் அதைச் சாண் சாணாக ஒடித்து, ஒடித்ததில் நீளம் தப்பினதை எல்லாம் காற்றாடி செய்யவும் கோழியை விரட்டவும் எடுத்துக்கொண்டு, ராத்திரி சாப்பிடுகிற வரைக்கும் அந்த நூறு மட்டும் நூறாகாமலே இருக்கும். உங்கள் ஊரில் அது பனையீர்க்காக இருந்திருக்கலாம், விளக்குமாற்றிலிருந்து உருவினதாகவோ தீப்பெட்டி ஆபீஸில் ஒதுக்கின வெறுங்குச்சியாகவோ இருந்திருக்கலாம். ஆனால் உங்களுக்கும் ஒரு நூறு இருந்திருக்கும்.

மறுநாள் வகுப்பில் கட்டுவதற்கு வாழைநார். நாரைத் தண்ணீரில் நனைத்துத்தான் கொண்டுவர வேண்டும்; காய்ந்த நார் முடிச்சுப் போடும்போது அறுந்துவிடும். ஏழு வயதுக் கைக்குப் பத்துக் குச்சியைச் சேர்த்துப் பிடிப்பதே பெரிய பாடு. பிடித்த பிடியை விடாமல் மறுகையால் நாரைச் சுற்ற வேண்டும், ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு மறுநுனியை இழுக்க வேண்டும். அதற்குள் இரண்டு குச்சி நழுவிக் கீழே விழும், எடுத்துச் செருகி மறுபடியும் ஒன்று முதல் எண்ண வேண்டும். முதல் கட்டை முடிக்கவே ஒரு பீரியட் ஓடிவிடும். சார்வாள் அவசரப்படுத்த மாட்டார். ஜன்னல் பக்கம் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். பத்து என்கிற எண் எங்களுக்குக் கரும்பலகையிலிருந்து வரவில்லை. நாரின் ஈரமும் பல்லில் ஒட்டின துவர்ப்புமாக வந்தது. அப்படி வந்தது பிறகு போகவே இல்லை.

இரண்டு கட்டும் ஏழு உதிரியும் ஒருபக்கம், ஒரு கட்டும் எட்டு உதிரியும் இன்னொருபக்கம். சேர்த்து வைத்தால் மூன்று கட்டு, பதினைந்து உதிரி. அந்தப் பதினைந்திலிருந்து பத்தை எண்ணி எடுத்து நார் போட்டுக் கட்டினதும் கட்டு நான்காகி, உதிரி ஐந்தாகிவிடும். நாற்பத்தைந்து. 315 எழுதின என் கூட்டாளி அன்றைக்குக் குச்சிகளையும் சிலேட்டையும் மாறி மாறிப் பார்த்தான், எச்சில் தொட்டு மூன்றை அழித்தான், பிறகு கோவை இலையைத் தேய்த்து மொத்தத்தையும் துடைத்தான். யாரும் அவனுக்குத் தப்பு என்று சொல்லவில்லை. அவன் முன்னால் கிடந்த குச்சிகளில் முந்நூறு இல்லை, அவ்வளவுதான்.

ஒன்றைக் கவனித்தீர்களா? குச்சியை வைத்துக்கொண்டு கூட்டுகிற பிள்ளை எப்போதும் பெரியதைத்தான் முதலில் சேர்க்கும். முதலில் கட்டோடு கட்டு, பிறகு உதிரியோடு உதிரி. சிலேட்டோ வலப்பக்கத்திலிருந்து தொடங்கச் சொல்கிறது: ஏழும் எட்டும் பதினைந்து, அஞ்சு போட்டு ஒண்ணு கைக்கு. அந்த ஒன்று எந்த ஒன்று, ஏன் மேலே போய் உட்கார்கிறது என்று கேட்டால் பெரியவர்களே பலர் யோசிப்பார்கள். குச்சி கட்டின பிள்ளை யோசிக்காது. அது ஒன்றே இல்லை, அது ஒரு கட்டு என்று சொல்லிவிடும். இந்த இரண்டு வழிகளும் ஒரே விடைக்குப் போகின்றன என்பதைப் பிள்ளை தானாகக் கண்டுபிடிக்கிற நாள் ஒன்று வரும். வாத்தியார் வேலையில் எனக்குக் கிடைத்த சந்தோஷங்களில் பாதி அந்த நாள்களில்தான் கிடைத்தது.

புளியமுத்தை மறந்துவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது. குச்சி பள்ளிக்கூடத்துக்கு என்றால் முத்து வீட்டுக்கு. எங்கள் வீட்டுப் பல்லாங்குழியில் பதினாலு குழி, குழிக்கு ஐந்து, மொத்தம் எழுபது. ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் முத்து சரியாக இருக்கிறதா என்று ஆச்சி பார்க்கிற வேகம் இருக்கிறதே, அஞ்சஞ்சாக இரண்டு கையிலும் அள்ளி, சேர்த்துப் பத்தாக வைத்து, ஏழு குவியல் ஆனதும் கண்ணை நிமிர்த்துவாள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள். முத்து குறைந்தால் அதற்குக் காரணம் பெரும்பாலும் அடுப்பங்கரையில் இருக்கும். வறுத்த புளியமுத்தின் ருசி அப்படி. மேல்தோலை உடைத்து, ஊறவைத்து, மெல்ல மெல்லத் தின்பது ஒரு மத்தியானப் பொழுதுக்குக் காணும்.

இத்தனைக்கும் கடைத்தெருக் கணக்கு அப்போது பத்தில் இல்லை. 1957 ஏப்ரலில் நயாபைசா வந்துவிட்டாலும், பதினாறு அணாவும் அணாவுக்குப் பன்னிரண்டு பைசல்லியுமாக வளர்ந்த தலைமுறை நாலணா, எட்டணா என்றே பேசிக்கொண்டிருந்தது. வீட்டில் அணா, பள்ளிக்கூடத்தில் பைசா. நாலணா இருபத்தைந்து பைசா, ஆனால் ஓரணா ஆறு பைசா. நாலு ஆறு இருபத்துநாலுதானே, இன்னொரு பைசா எங்கிருந்து வந்தது என்று கேட்காத பிள்ளை எங்கள் வகுப்பில் கிடையாது. அந்தக் குழப்பத்தின் நடுவில் வாழைநார்க் கட்டு ஒன்றுதான் ஆணி அடித்த மாதிரி நின்றது.

தாத்தாவின் கணக்கு நோட்டில் இன்னொரு உலகம் இருந்தது. அவர் 27 என்று எழுத மாட்டார்; ௨௰௭ என்று எழுதுவார். இரண்டு, அதற்குப் பக்கத்தில் பத்துக்கென்று தனியாக ஓர் அடையாளம், பிறகு ஏழு. அதில் சுழிக்கு வேலை இல்லை. பத்தை அங்கே வெளிப்படையாகவே எழுதிக் காட்டிவிடுகிறார்கள். பிற்காலத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்தேழு எழுதச் சொன்னால் 207 என்று எழுதிக் கொண்டுவரும்போதெல்லாம் எனக்குத் தாத்தாவின் நோட்டு நினைவுக்கு வரும். காதில் விழுந்ததை அப்படியே வரிசையாக எழுதுகிற அந்தப் பிள்ளை, தமிழ்நாட்டில் பல நூறு வருஷம் நடந்த ஒரு முறைக்குப் பக்கத்தில் நிற்கிறது. சிவப்பு மையால் அதை அடிப்பதற்கு முன்னால் இரண்டு கட்டையும் ஏழு குச்சியையும் எடுத்துக் கொடுக்கலாம்.

அந்தக் காலம் எல்லாம் பொன் என்று நான் சொல்லப்போவதில்லை. எங்கள் சார்வாள் மாதிரி எல்லாருக்கும் வாய்க்கவில்லை. அடுத்த வகுப்பில் கைக்கு வந்த ஒன்றை மறந்தவனுக்குப் புறங்கையில் பிரம்பு விழும். விழுந்ததால் அவனுக்குக் கணக்கு வந்ததா என்றால், பள்ளிக்கூடத்தை விட்டுத்தான் போனான். 2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டம் பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று எழுதியே வைத்துவிட்டது. குச்சியையும் வாழைநாரையும் நினைத்து ஏங்குகிறவர்கள் அந்தப் பிரம்பையும் கூடவே நினைத்துப் பார்க்க வேண்டும்.

எழுபதுகளின் கடைசியில் நான் வேலைக்குச் சேர்ந்தது பீடி சுற்றுகிற ஊர்களில். சாயங்காலம் தெருவில் நடந்தால் திண்ணைக்குத் திண்ணை மடியில் சுளகோடு பெண்கள். இலையை வெட்டி, தூளை வைத்துச் சுற்றி, நூல் கட்டி, தலையை மடித்து, இருபத்தைந்து பீடி சேர்ந்தால் ஒரு கட்டு. அம்மா சுற்றப் பிள்ளை மடித்துக் கட்டும். என் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். சிலேட்டில் வாராவாரம் 315 எழுதுகிறவள். ஒருநாள் சிலேட்டைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டுக் கேட்டேன்: "ஒங்க அம்மா 27 கட்டு, அக்கா 18 கட்டு. மொத்தம் எத்தன கட்டு?" கேட்டு வாய் மூடுவதற்குள் பதில் வந்தது: "நாப்பத்தஞ்சு. ஆயிரத்துக்கு மேல அஞ்சு கட்டு சார்." எப்படி என்று கேட்டால், "பதினெட்டுல மூண எடுத்து அங்கன போட்டா முப்பது, மிச்சம் பதினஞ்சு" என்றாள். நாற்பது கட்டு ஆயிரம் பீடி என்பது அவளுக்கு மூச்சு விடுகிற மாதிரி. நாற்பத்தைந்தில் அந்த ஆயிரத்தைக் கழித்துவிட்டே எனக்குப் பதில் சொன்னாள். பயிற்சிப் பள்ளியில் எனக்கு யாரும் சொல்லித் தராத வழி அது: ஒரு எண்ணை உடைத்து இன்னொன்றை முழுப் பத்தாக்குவது. அன்றிலிருந்து அவளைத்தான் மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் உட்காரவைத்தேன். குச்சிக் கட்டைப் பார்த்ததும், "இதுல பத்துதானா சார்?" என்று கேட்டுச் சிரித்தாள். அந்தக் கணக்கு அவளுக்கு வந்த விதத்தை மட்டும் என்னால் கொண்டாட முடியாது. தூளின் நெடியும் குனிந்த முதுகுமாக அவள் கட்டின கட்டுகள் அவை. அந்தத் திண்ணைகளில் இன்று பிள்ளைகள் உட்காரவில்லை என்றால் அதைவிட நல்ல செய்தி வேறில்லை.

1987-இல் கரும்பலகைத் திட்டம் வந்தது. பள்ளிக்குக் குறைந்தது இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், கூடவே கணக்குக்கென்று ஒரு பெட்டி. நான் அப்போது இருந்த பள்ளியில் அந்தப் பெட்டி வந்த அன்றைக்கே இருப்புப் பதிவேட்டில் ஏறி, பீரோவுக்குள் போய், பூட்டும் போட்டாகிவிட்டது. அதில் இருந்த மணிச்சட்டத்தில் ஒரு மணி தொலைந்தால் தணிக்கையில் யார் பதில் சொல்வது? பீரோவுக்குள் பளபளவென்று மணிச்சட்டம், வெளியே பிள்ளைகள் கையில் பழைய ஈர்க்குச்சி. ஈர்க்குச்சி தொலைந்தால் கேட்க ஆளில்லை. அதனாலேயே அது பிள்ளைகளுக்குச் சொந்தமாக இருந்தது.

மணிச்சட்டம் மோசமான பொருள் என்று நினைத்துவிடாதீர்கள். இந்தப் பொருள்களுக்குள் ஒரு வரிசை இருக்கிறது, அதைத்தான் பலர் கவனிப்பதில்லை. குச்சிக் கட்டை அவிழ்த்தால் பத்தும் உள்ளேயே இருக்கும். பிள்ளைக்குச் சந்தேகம் வந்தால் அவிழ்த்துப் பார்த்துக்கொள்ளலாம். 1939-இல் அடையாறுக்கு வந்து இந்திய ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தாரே மரியா மாண்டிசோரி, அவருடைய தங்கநிற மணிகளில் பத்து மணி ஒரு கம்பியில் கோத்திருக்கும். எண்ணிப் பார்க்கலாம், பிரிக்க முடியாது. பத்து உதிரி மணியைக் கொடுத்துவிட்டு ஒரு கம்பியை வாங்கிக்கொள்ள வேண்டும். பத்து ஒற்றை ரூபாய்க்கு ஒரு பத்து ரூபாய்த் தாள் வாங்குகிற மாதிரிதான். அங்கே நம்பிக்கை வேண்டும். ஆணிமணிச் சட்டத்தில் எண்ணிப் பார்க்கவும் முடியாது. ஒன்றுகள் ஆணியில் இருந்த பத்து மணியை எடுத்துவிட்டுப் பத்துகள் ஆணியில் அதே அளவுள்ள ஒரே ஒரு மணியைப் போடச் சொல்கிறோம். இடத்தை வைத்தே மதிப்பு என்பதை அந்த மணி சொல்கிறது; கட்டையும் மாற்றையும் கடந்து வந்த பிள்ளைக்குத்தான் அது கேட்கும். முதலில் கட்டுவது, பிறகு மாற்றுவது, கடைசியில் ஆணி. நேராக ஆணிக்குக் கூட்டிப்போனால் பிள்ளை மணியை வைத்து விளையாடும், கணக்கு வேறெங்கோ நடக்கும்.

செயல்வழிக் கற்றல் வந்தபோது எனக்கு ஐம்பது வயது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, ரிஷிவேலிப் பள்ளியில் பார்த்துவந்ததை நம் வகுப்புக்கு ஏற்றபடி மாற்றி, 2007-08-இல் மாநிலம் முழுக்கக் கொண்டுவந்தார்கள். பெஞ்சும் நாற்காலியும் போய்ப் பாய் வந்தது. பிள்ளைகள் உட்கார்ந்தபடி எழுதுகிற உயரத்துக்குச் சுவரைச் சுற்றிக் கரும்பலகை வந்தது, தலைக்கு மேலே கம்பிப் பந்தல் கட்டிப் பிள்ளைகள் வரைந்ததை எல்லாம் தொங்கவிட்டார்கள். பாடங்களை வரிசையாகக் காட்டுகிற ஏணிப்படியில் தான் நிற்கிற இடத்தைப் பார்த்து, அங்கே இருக்கிற படம் போட்ட அட்டையைத் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டு அவரவர் வேகத்தில் அவரவர் போகலாம். வாரம் முழுக்க ஒரே கணக்கில் நிற்கிற பிள்ளையை யாரும் மொத்த வகுப்புக்கு முன்னால் எழுப்பி நிறுத்தாத அந்த ஏற்பாட்டை நான் மனசார விரும்பினேன், இப்போதும் விரும்புகிறேன். சாயங்காலம் நாலு மணிக்கு ஓட்டுக்கூரை அதிர எல்லாரும் சேர்ந்து வாய்ப்பாடு சொல்கிற ராகம் மட்டும் அதோடு நின்றுபோனது. அதில் கணக்கு எவ்வளவு இருந்தது என்று தெரியாது. ஊருக்கே மணி சொல்கிற ராகம் அது.

அட்டையில் இனமாற்றக் கூட்டலுக்கு, அதாவது ஒன்று கைக்கு வருகிற கூட்டலுக்கு, குச்சிக் கட்டின் படம் இருந்தது. ஒருபக்கம் கட்டுகள், மறுபக்கம் உதிரிகள், பக்கத்தில் அம்புக்குறி. நிஜக் குச்சியையும் வைத்துக்கொண்டு செய்யத்தான் அந்த அட்டை. ஆனால் அட்டை இருந்தால் போதும் என்று நான் பார்த்த சில வகுப்புகளில் குச்சி மெல்ல மெல்லக் காணாமல் போனது. படத்தில் இருக்கிற கட்டைப் பிள்ளை என்ன செய்தாலும் அவிழ்க்க முடியாது.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. முப்பருவ முறை வந்தது, 2018-இல் கியூஆர் குறியீடு போட்ட புத்தகம் வந்தது, நான் அதற்குள் ஓய்வும் பெற்றுவிட்டேன். கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடின தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் முதல் தேதிதான் திறந்தன. ஒன்றாம் வகுப்பை முடிக்காமல் வீட்டுக்குப் போன பிள்ளை மூன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தது. ஒரு கட்டும் கட்டாத பிள்ளைகள். அவர்களை மனசில் வைத்துத்தான் 2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, குச்சியும் மணியும் ஆட்டமும் பாட்டுமாக. அறுபது வருஷத்தில் குச்சி போய் மணி வந்து, மணி போய் அட்டை வந்து, அட்டைக்குப் பின்னால் திரை வந்து, இப்போது மறுபடியும் குச்சி, அரசாங்க உத்தரவோடு. அதைப் படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். சந்தோஷத்தில் வந்த சிரிப்பு.

பேத்தியின் டேப்லெட்டில் இதே கணக்கு ஒரு விளையாட்டாக இருக்கிறது. நீலக் கட்டைகளை விரலால் இழுத்து இழுத்து ஒரு பெட்டிக்குள் போடுகிறாள். பத்தாவது விழுந்ததும் ஒரு மணியோசை, கட்டைகள் தாமாக ஒட்டிக்கொண்டு ஒரு கம்பாகிப் பக்கத்துப் பெட்டிக்குத் தாவிவிடுகின்றன. பார்க்க அவ்வளவு அழகு. திட்டாது, அலுக்காது, நூறு தடவை வேண்டுமானாலும் செய்து காட்டும். ஒன்றுதான் குறை: பத்து ஆகிவிட்டது என்று தீர்மானிக்கிற வேலையை அது அவளுக்குக் கொடுப்பதில்லை. அவள் எண்ணவே வேண்டாம். ஓசை கேட்கிற வரைக்கும் இழுத்தால் போதும். நோட்டில் ஓசை இல்லை, அதனால் 315. நான் அவளுக்கு ஐஸ் குச்சியும் ரப்பர் பேண்டும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அபார்ட்மெண்ட்டில் வாழைநாருக்கு எங்கே போவது?

பக்கத்து ஊர் அரசுப் பள்ளியில் இருக்கிற இளம் ஆசிரியை அவ்வப்போது என்னைக் கூப்பிடுவார். போன மாதம் போனபோது இரண்டாம் வகுப்பு 46-ஐயும் 38-ஐயும் கூட்டிக்கொண்டிருந்தது. குழுவுக்கு ஒரு குவியல் குச்சி. ஏழு கட்டு, பதினாலு உதிரி. பத்தைக் கட்டி எட்டுக் கட்டு, நாலு உதிரி. 84 என்று மூன்று குழுக்கள் கத்தின. நாலாவது குழுவில் ஒரு பையன், எதையும் நம்பாத சாதி, எல்லாக் கட்டையும் அவிழ்த்துத் தரையில் கொட்டி ஒன்று இரண்டு என்று எண்ணிக்கொண்டு வந்து 85 என்றான். மறுபடி எண்ணியும் 85. வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை. ஆசிரியை தீர்ப்புச் சொல்லவில்லை. என்ன செய்யலாம் என்று அவர்களிடமே கேட்டார். "ஏதோ ஒரு கட்டுல பதினொண்ணு இருந்திருக்கு டீச்சர், இவதான் கட்டுனா" என்று ஒருவன் சொல்ல, அவள் அழப்போக, மற்றக் குழுக்களுக்கும் தங்கள் கட்டு மேல் சந்தேகம் வந்துவிட்டது. ரப்பர் பேண்டுகள் பட்பட்டென்று தெறித்தன. ஒரு கட்டில் ஒன்பது அகப்பட்டது. பத்து மணிக்குத் தொடங்கினது, சத்துணவு மணி அடிக்கும்போது வகுப்பு முழுக்கத் தரையில் குப்புறக் கிடந்து எண்ணிக்கொண்டிருந்தது.

"ஒரு காலைப் பொழுதுல ஒரே ஒரு கணக்கு சார்" என்றார் ஆசிரியை, கொஞ்சம் கவலையாக. "அடுத்த வாரம் மதிப்பீடு ஆப்ல ஏத்தணும்." அந்த ஒரு கணக்குக்கு அவ்வளவு நேரமும் வேண்டும், குறைத்துச் செய்ய வழியில்லை, மேலிடத்தில் யார் கேட்டாலும் என் பெயரைச் சொல்லுங்கள் என்றேன். சாப்பாட்டு அறையிலிருந்து ஆயா மூன்றாவது தடவையாகக் கூப்பிட்டார். எதையும் நம்பாத அந்தப் பையன் தலையைத் தூக்காமலே பதில் சொன்னான்: "இருங்க ஆயா, இன்னும் நாலு கட்டு அவுக்கணும்."